முதுமாணியா, உதவிப் பதிவாளரா, கேட்கும் பயிற்சியா: என் அடுத்த 1500 மணித்தியாலங்கள்

போன வருடம் ஒரு பிள்ளை விலகல் படிவம் கேட்டு வந்தாள். இரண்டாம் வருடம், மன்னார்ப் பக்கம், வெள்ளவத்தையில் போர்டிங். "மிஸ், விலகிற ஃபோம் எங்கை எடுக்கிறது?" எடுத்துக் கொடுத்தேன். எந்தத் திகதிக்கு முன் கொடுத்தால் எவ்வளவு காசு திரும்பும், நூலகப் புத்தகம் கைவசம் இருந்தால் என்ன செய்ய வேண்டும், யார் யாரிடம் கையொப்பம் வாங்க வேண்டும், எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். அவள் படிவத்தை நாலாக மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். "சரி மிஸ்" என்று எழும்பிப் போய்விட்டாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு அவளோடு அறையில் இருந்தவள் சொல்லித்தான் விஷயம் தெரியும். தகப்பனுக்கு வேலை போய்விட்டது. வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று ஒரு நேரச் சாப்பாட்டோடு ஒரு மாதம் ஓட்டியிருக்கிறாள். கட்டணத்தைப் பகுதி பகுதியாகக் கட்ட எங்களிடமே ஒரு ஏற்பாடு இருந்தது. அவளுக்கு அது தெரியாது. ஏன் விலகுகிறாய் என்று நான் கேட்கவும் இல்லை.

கொழும்பில் ஒரு தனியார் பட்டப்படிப்பு நிறுவனத்தில், மாணவர் விவகாரப் பிரிவில் எனக்கு இது எட்டாவது வருடம். மேற்படிப்புக்குப் பாதிக் கட்டணம் தருவதாக நிர்வாகம் இந்த வருடம் சொல்லியிருக்கிறது. எதைப் படிப்பது என்று கேட்டால் கன்ரீனில் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "ஒரு மாஸ்டர்ஸைச் செய்துபோடு." நானும் கொஞ்சக் காலம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வழியையும் தனித்தனியாகப் பார்த்தேன். இதே கதிரையில் இருக்கிற வேறு யாருக்கும் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

இந்த வேலைக்கென்று படித்துவிட்டு வந்தவர் எங்கள் பிரிவில் ஒருவரும் இல்லை. நான் கணக்குப் பிரிவிலிருந்து வந்தேன். பக்கத்து மேசைக்காரி வரவேற்பிலிருந்து வந்தவள். எங்கள் சேர் விளம்பரத் துறைக்காரர். அரச பல்கலைக்கழகங்களிலும் மாணவர் ஆலோசகர்கள் விரிவுரையாளர்கள்தான். கற்பித்தலுக்கு மேலே அதையும் சுமக்கிறார்கள். விடுதி, மகாபொலப் புலமைப்பரிசில், ஒழுக்காற்று விசாரணை என்று கோவைகள் நகர்வதெல்லாம் பதிவாளர் பக்கத்தில். அமெரிக்காவில் இது தனித் தொழில். பாடத்தை மட்டும் பார்க்காமல் மாணவரை முழு ஆளாகப் பார்க்க வேண்டும் என்று அங்கே 1937இலேயே ஒரு அறிக்கை எழுதிவிட்டார்கள். வேலைக்குள் நுழையவே பல இடங்களில் முதுமாணி கேட்பார்கள். எங்களுக்கு அப்படியொரு ஏணி இல்லை. அதனால் எந்த ஏணி கண்ணில் பட்டாலும் அதில் ஏறிவிடுகிறோம்.

முதலில் விலையைப் பார்ப்போம். காசைவிட மணித்தியாலம்தான் எனக்கு விலை. பட்டங்களை மட்டம் மட்டமாக வகுக்கிற இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு திறமைப் புள்ளி என்பது 50 மணித்தியாலப் படிப்பு: வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து. பாடநெறி முதுமாணிக்கு, அதாவது மட்டம் 9க்கு, 30 புள்ளி. 1500 மணித்தியாலம். ஆய்வும் சேர்ந்த மட்டம் 10க்கு 60 புள்ளி, 3000 மணித்தியாலம். வேலை, வீடு, மாமியாரின் கிளினிக் நாட்கள் போக எனக்குக் கிழமைக்கு 15 மணித்தியாலம் மிஞ்சும். சனிக்கிழமை முழுதும், ஞாயிறு அரைநாள், இரண்டு இரவுகள். அப்படியென்றால் சின்ன முதுமாணிக்கே 100 கிழமை போகும், இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 1500 மணித்தியாலத்தை வேறு எதில் போடலாம் என்பதுதான் என் கேள்வி. கட்டணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, எனக்கு எது குறைகிறது என்பது. இதற்கு ஒரு சீஆர் கொப்பி வைத்திருக்கிறேன். அந்த மன்னார்ப் பிள்ளைக்குப் பிறகு தொடங்கியது. வருகிறவரின் பெயர் அதில் இல்லை. எதற்கு வந்தார், நான் என்ன செய்தேன், எங்கே தடக்கினேன், இந்த மூன்று வரி மட்டும். பக்கத்தில் வைத்துப் பார்க்க, அமெரிக்காவின் ஏசிபிஏ, நாஸ்பா என்ற இரண்டு தொழில்சார் சங்கங்களும் சேர்ந்து 2015இல் திருத்தி வெளியிட்ட தகைமைப் பட்டியலை எடுத்தேன். பத்துப் பகுதிகள். சொந்த ஒழுக்கநெறி, துறையின் வரலாறும் விழுமியங்களும், மதிப்பீடும் ஆய்வும், சட்டமும் கொள்கையும், ஆளணி நிர்வாகம், தலைமைத்துவம், சமூக நீதி, மாணவர் கற்றலும் வளர்ச்சியும், தொழில்நுட்பம், கடைசியாக ஆலோசனையும் ஆதரவும். ஒவ்வொன்றுக்கும் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படி. ஊர் வேறு, வேலை வேறு, ஆனாலும் முகம் பார்க்க ஒரு கண்ணாடி வேண்டும்தானே.

சட்டப் பகுதியில் நான் மோசமில்லை என்று தெரிந்தது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் தொல்லையோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரை என்பதைப் புதுமுக மாணவர் நாளில் மூன்று மொழியிலும் சொல்கிறவள் நான்தான். மகள் வகுப்புக்கு வருகிறாளா என்று சுவிஸிலிருந்து போன் எடுக்கிற தகப்பனுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதும் அடிபட்டுப் பழகிவிட்டது. கோவைகளும் திறம். ஆனால் கொப்பியில் "தடக்கினேன்" என்று எழுதியிருக்கிற பக்கங்களில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலின் கடைசிப் பகுதிக்குள், ஆலோசனையும் ஆதரவும் என்பதற்குள், விழுகின்றன. ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்தால் கேட்கத் தெரியவில்லை. அதற்கு அடுத்தபடி மொழி. அதைப் பற்றிப் பிறகு.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வழிகளுக்கு வருகிறேன்.

முதுமாணி என்றால் ஒரே விதமான படிப்பு என்று நினைப்பதுதான் முதல் பிழை. கொழும்பில் அந்தப் பெயரில் குறைந்தது மூன்று விதமான படிப்பு இருக்கிறது. கல்வியியல் ஒன்று: கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடம், நாவலையில் திறந்த பல்கலைக்கழகம். முகாமைத்துவம், பொது நிர்வாகம் இன்னொன்று: பொரளைப் பக்கம் இருக்கிற முகாமைத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தை எல்லோருக்கும் தெரியும். உளவளத்துணை, உளவியல் மூன்றாவது. கல்வியியல் உங்களுக்கு மாணவரின் கற்றலை யோசிக்கப் பழக்கும். முகாமைத்துவம் பிரிவை நடத்தப் பழக்கும். இரண்டும் கதிரையில் இருக்கிற பிள்ளையிடம் நேராக வராது. உளவளத்துணை வரும், ஆனால் அதிலும் எழுத்து வேலை எவ்வளவு, மேற்பார்வையோடு ஆட்களைச் சந்திக்கும் மணித்தியாலம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும். இரண்டாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் நான் சேரமாட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டப்பின் கல்வி டிப்ளோமா தமிழிலும் படிக்கலாம், பெயரும் பழகிய பெயர் என்பதால் எங்கள் ஆட்கள் பலர் யோசிக்காமல் விண்ணப்பிக்கிறார்கள். அது பாடசாலை ஆசிரியருக்கானது. பாடத்திட்டம், வகுப்பறை, கற்பித்தல் பயிற்சி என்று போகும். என்னோடு வேலை செய்த ஒருத்தி அதைச் செய்து முடித்தாள், நல்ல சித்தியும் எடுத்தாள். இப்போது ஒரு சர்வதேசப் பாடசாலையில் சந்தோஷமாகப் படிப்பிக்கிறாள். அவளுக்கு அது சரியான வழி, எனக்கு இல்லை. கலாநிதிப் பட்டம் வரை போகிற எண்ணம் இருந்தால் மட்டம் 9, 10 வித்தியாசத்தைத் தொடக்கத்திலேயே பாருங்கள். ஆய்வில்லாத முதுமாணியோடு போய் நின்றால் பிறகு திரும்பவும் கீழே இறங்கி ஏற வேண்டிவரும்.

அடுத்தது அரச பல்கலைக்கழக உதவிப் பதிவாளர் பதவி. எங்கள் வீட்டில் இந்த ஒரு வழிக்குத்தான் வாக்கு. அம்மாவுக்கு "அரசாங்க வேலை" என்ற இரண்டு சொல் போதும், மிச்சத்தைக் கேட்கமாட்டா. நியாயமும் இருக்கிறது. நிரந்தரம், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் தெளிவான பதவிப் படிகள், சிரேஷ்ட உதவிப் பதிவாளர், பிரதிப் பதிவாளர் என்று மேலே போகலாம். தீர்மானம் எடுக்கிற மேசைக்குக் கிட்டப் போகலாம். விடுதியில் 12 பேருக்கு ஒரு குளியலறை என்றால் அதை மாற்றுகிற கடிதத்தில் உங்கள் கையொப்பம் இருக்கும். நான் எத்தனை பிள்ளையின் கதையைக் கேட்டாலும் ஒரு குழாய்கூடப் பூட்ட முடியாது.

ஆனால் அந்தப் பதவி மாணவர் விவகாரத்துக்கென்று ஒட்டப்பட்டதல்ல. என்னோடு பட்டப்படிப்பு முடித்தவள் ஒருத்தி அப்படிப் போனவள். விடுதிப் பிரச்சினை, பகிடிவதை விசாரணை, புலமைப்பரிசில் என்று மூன்று வருடம் ஓடித் திரிந்தாள். ஒருநாள் கடிதம் வந்தது, அடுத்த கிழமை பரீட்சைக் கிளை. அங்கே அவளுடைய முழுக் கவனமும் பெறுபேற்றுத் தாள்களில். "மாணவரைக் காண்பதே கன்ரீனில்தான்டி" என்கிறாள். கவலையாகச் சொல்லவில்லை. அவளுக்கு நிர்வாகம் பிடிக்கும், அதில் கெட்டிக்காரி. எனக்குப் பிடிக்குமா என்று யோசித்தேன். கோவை சரியாக இருந்தால் எனக்கு நிம்மதி வரும், சந்தோஷம் வராது. இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வெளிநாடு. மாணவர் விவகாரத்தையே பாடமாக எடுத்து முதுமாணி செய்ய வேண்டுமென்றால் அமெரிக்கா. பெரும்பாலும் இரண்டு வருடம். படிக்கிறபோதே விடுதியிலோ ஆலோசனைப் பிரிவிலோ பகுதிநேர உதவியாளர் வேலை கிடைத்தால் கட்டணம் குறையும், அதைவிடப் பெரிய லாபம் மேற்பார்வையோடு வேலை பழகுவது. இங்கே அது கிடைக்கவே கிடைக்காது. புல்பிரைட் என்ற அமெரிக்க அரசுப் புலமைப்பரிசிலுக்கான ஆணைக்குழு கொழும்பிலேயே இருக்கிறது. அந்தப் புலமைப்பரிசிலில் போனால் முடித்துவிட்டு இரண்டு வருடம் நாட்டில் வந்து இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. மூன்று வருடப் பொதுப் பட்டக்காரர்களிடம் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மேலதிகக் கேள்வி கேட்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

27 வயது, பிள்ளைகுட்டி இல்லை, ஆங்கிலம் தடையில்லை என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். என்னுடைய தயக்கம் வேறு. அங்கே படிப்பிக்கிற கோட்பாடுகள் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து எழுதப்பட்டவை. சிக்கரிங் என்ற அறிஞர் 1969இல் மாணவர் வளர்ச்சியை ஏழு திசைகளாகப் பிரித்தார். அதில் ஒன்று, பிறரில் தங்கியிருப்பதிலிருந்து தன் காலில் நின்று, பிறகு பரஸ்பரம் தங்கி வாழப் பழகுவது. நல்ல சிந்தனைதான். ஆனால் எங்கள் பிள்ளை வெள்ளவத்தை போர்டிங்கில் இருந்துகொண்டு ஒவ்வொரு இரவும் அம்மாவோடு வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே சாப்பிடும். தைப்பொங்கலுக்கு இரவு பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், திங்கள் விடிய நேரே விரிவுரைக்கு வரும். தம்பியின் ரியூசன் காசை மகாபொலவிலிருந்து அனுப்புகிற பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளை தன் காலில் நிற்கவில்லை என்று ஒரு அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? படித்துவிட்டு வந்து, படித்ததை இங்கே வைத்துப் பொருத்திப் பார்க்கவும் ஒரு நாலைந்து வருடம் வேண்டும். அதோடு, அந்தப் பட்டத்தின் பெயருக்கு இங்கே பதவி கிடையாது. "அதென்ன மாஸ்டர்ஸ்?" என்று நேர்முகத்தில் கேட்பார்கள்.

கடைசி வழிக்குச் சரியான பெயர் இல்லை. கேட்கும் பயிற்சியும், சிங்களமும், மாதம் ஒருமுறை சக ஊழியர் சந்திப்பும்.

கேட்கும் பயிற்சி என்று நான் சொல்வது பெரிய படிப்பல்ல. கொழும்பு 7, ஹோர்டன் பிளேஸில் சுமித்ராயோ என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. 1974இல் தொடங்கியது. மனம் உடைந்து, உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கிறவர்களோடு பேசுவதற்கு அங்கே இருப்பவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். அடிப்படை எளிது: குறுக்கிடாதே, அறிவுரை சொல்லாதே, கேட்டதை வெளியே சொல்லாதே. எளிது என்று எழுதிவிட்டேன், எங்கள் ஆட்களுக்கு இதைவிடக் கஷ்டமானது இல்லை. ஒரு பிள்ளை வாய் திறந்தவுடன் "இதுக்கெல்லாம் அழுவாங்களா, கோயிலுக்குப் போட்டு வா" என்று வந்துவிடும். போன தவணையில் வேறோரிடத்தில் இரண்டு நாள் பயிற்சிப்பட்டறைக்குப் போனேன். ஜோடி ஜோடியாக உட்கார்த்தி, எதிரில் இருப்பவர் பேசி முடித்தபிறகு பத்து எண்ணும் வரை பேசாமல் இருக்கச் சொன்னார்கள். நான் நாலில் வாயைத் திறந்துவிட்டேன். மூன்றாம் தடவைதான் பத்து வந்தது. அந்தப் பத்துக்குள் எதிரில் இருந்த பெண், முதலில் சொன்ன கதைக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொன்றைச் சொல்லத் தொடங்கினா. அதுதான் உண்மையான கதை. எனக்கு அந்த மடித்த படிவம்தான் கண்ணுக்குள் வந்தது.

இதன் எல்லையும் தெரிய வேண்டும். கேட்கப் பழகியவர் உளவளத்துணையாளர் ஆகிவிடமாட்டார், உளவளத்துணையாளர் மருத்துவரும் அல்ல. எந்த இடத்தில் நிறுத்தி, "உன்னோடு நானும் வாறன், ஒரு டொக்டரைப் பார்ப்பம்" என்று சொல்வது என்பதும் பயிற்சியில் பாதி. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது, பிள்ளை இருக்கிற பக்கத்துக்கு நேராக.

சிங்களம். தமிழ்ப் பிள்ளைகள் முதல் நாள் "மிஸ்" என்பார்கள், கஷ்டத்தைச் சொல்லி முடிக்கிற நேரம் எப்படியோ "அக்கா" ஆகிவிடும். சிங்களப் பிள்ளைகள் எனக்கு எப்போதும் மிஸ்தான். என்னுடைய சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் ஒஃபிஸுக்கும் போதும். மொனராகலையிலிருந்து வந்த ஒரு பிள்ளை என் முன்னால் அழுதுகொண்டு "மட்ட பே, மிஸ்" என்றாள். என்னால் முடியாது என்கிறாள். எது முடியாது? படிப்பா, போர்டிங்கா, உயிரோடு இருப்பதா? அந்தக் கேள்வியை மெதுவாகக் கேட்கிற சிங்களம் என்னிடம் இல்லை. என் வாயில் வந்தது "கருணாகரலா", அதாவது தயவுசெய்து, என்று தொடங்குகிற படிவச் சிங்களம்தான். கடைசியில் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டேன். மூன்றாவது ஆள் வந்தவுடன் பிள்ளை கண்ணைத் துடைத்துவிட்டு "ஒன்றுமில்லை" என்றாள். ராஜகிரியவில் அரச கரும மொழிகள் திணைக்களம் நடத்துகிற தேர்ச்சிப் பரீட்சைக்கு இருந்தால் சான்றிதழும் கையில் வரும். நாளைக்கு அரச பதவிக்குப் போக நேர்ந்தாலும் அது வீணாகாது. இந்த ஒப்பீட்டில் எல்லா வழிக்கும் பயன்படுகிற ஒரே முதலீடு இதுதான் என்பது எழுதத் தொடங்கும்போது எனக்கே தெரியவில்லை.

சந்திப்பு பற்றி ஒரு வார்த்தை. வேறு வேறு நிறுவனங்களில் இதே வேலை செய்கிற மூன்று பேர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மரைன் டிரைவில் சந்திக்கிறோம். கடலைப் பார்த்து உட்கார்ந்து, பெயர் சொல்லாமல், அந்த மாதம் நித்திரையைக் கெடுத்த ஒரு விஷயத்தை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பிளேன்டீக் காசு மட்டும்தான் செலவு. மற்றவர் பாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்த காலம் எனக்கு உண்டு. அது குறைந்தது எந்தப் படிப்பாலும் இல்லை, இந்த வெள்ளிக்கிழமைகளால்தான்.

இந்தக் கடைசி வழியில் பெரிய ஓட்டை ஒன்றிருக்கிறது: பதவி உயர்வுக்கு இதில் எதுவும் எண்ணப்படாது. பாதிக் கட்டணத் திட்டத்தில் தொண்டர் பயிற்சி சேருமா என்று மனிதவளப் பிரிவில் கேட்டேன். "சான்றிதழில் எத்தனை புள்ளி?" என்று திருப்பிக் கேட்டார்கள். இந்த வருடம் பயன்படுத்தாவிட்டால் அடுத்த வருடம் அந்தக் காசு இருக்குமா என்பதற்கும் உத்தரவாதமில்லை. வீட்டில் ஒரே சம்பளம் என்றால், அல்லது 35 வயதுக்குள் தலைமைப் பதவிக்கு வரவேண்டும் என்ற ஆசை இருந்தால், என் முடிவைப் பின்பற்ற வேண்டாம். முகாமைத்துவ முதுமாணியை எடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல ஆள் மேலே போகாவிட்டால் அந்தக் கதிரையில் வேறு யாரோ போய் உட்காருவார்.

நான் 1500ஐ இப்படிப் பிரித்திருக்கிறேன். முதல் 300 சிங்களத்துக்கு. அடுத்த 300 கேட்கும் பயிற்சிக்கும், அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை தொண்டர் கடமைக்கும். அதற்குள் ஒன்றரை வருடம் நெருங்கியிருக்கும், ஏனென்றால் மொழியும் பயிற்சியும் முதுமாணியைப்போல் கிழமைக்கு 15 மணித்தியாலம் கேட்கமாட்டா. மிச்ச 900ஐத் தொடவில்லை. அப்போது கொப்பியை எடுத்துப் பார்த்து, தடக்குகிற இடம் மாறியிருந்தால் அதற்கேற்ற முதுமாணிக்கு அந்த 900ஐ முதலாகப் போடுவேன், குறைகிற 600ஐ எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். மாறாவிட்டால் படிவம் வாங்கவே போகமாட்டேன். சேரிடம் சொன்னபோது, "பாதிக் காசு தாறம் என்றும் வேண்டாம் என்கிற ஆளை இப்பதான் பார்க்கிறன்" என்றார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சிங்கள வகுப்பு சனிக்கிழமை காலை எட்டரைக்கு.